ஆள் வராமல் வந்த இரத்தம்

ஆள் இல்லாமல் இரத்தம் மட்டும் வந்தால் வாங்காதீர்கள். எத்தனை தரம் சொல்லிவிட்டேன்! நான் ஓய்வுபெற்ற அன்று, நீங்கள் எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்றபோதும் இதைத்தான் சொன்னேன். கைதட்டினீர்கள். அடுத்த மாதம் ஏதோ அலுவலாக லேப் பக்கம் வந்து பார்த்தால், ஜன்னல் ஓரத்தில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதிய ஒரு போத்தல் இருக்கிறது. யாருடையது என்று கேட்டேன். "தெரிஞ்ச ஆள் சேர், அவசரம் எண்டு குடுத்திட்டுப் போனார்" என்றீர்கள். அந்தத் தெரிந்த ஆளை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். எந்த லேப்புக்குப் போனாலும் எனக்கு முன்னால் வந்து நிற்பார்.

பணி அனுபவங்களை எழுதித் தாருங்கள் என்று கேட்கிறீர்கள். இயந்திரத்தில் எப்படி எண்ணுவது, கண்ணாடித்தட்டில் எப்படி எண்ணுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுவோம். நான் எழுதப்போவது என்னுடைய ஒரு முட்டாள்தனத்தைப் பற்றி. அதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இந்தக் கதையில் பெயரை மாற்றுவதற்கு எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். அட்டாளைச்சேனையிலிருந்து பஸ்ஸேறி, கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். முப்பது வயது. லேப் என்றால் ஓர் அறை, ஒரு நுணுக்குக்காட்டி, நான். வேறு யாரும் இல்லை. வார்டுகளைப் பார்த்த பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வாய் பொல்லாதது, ஆனால் நோயாளியை முழுதாகப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார்.

இரத்தப் புற்றுநோய் பிடிபட்டால் இன்றைக்கு அதன் அடி வேர் வரைக்கும் துருவிப் பார்த்து, இது இப்படித்தான் போகும், இதற்கு இந்த மருந்து என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது ஆளின் வயதும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையும். சுகமான ஆளுக்கு ஒரு கன மில்லிமீற்றரில் நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை இருக்கும். இளம் வயதில் வேகமாக வரும் இரத்தப் புற்றுநோயில் அது இருபதாயிரமாகவும் இருக்கலாம், இரண்டு லட்சமாகவும் இருக்கலாம். நோய் பிடிபட்ட அன்று, எந்த மருந்தும் உடம்பில் படுவதற்கு முன்னால் அந்த எண் எவ்வளவு என்பதுதான் கேள்வி. குறைவாக இருந்தால், அடங்கிய நோய் அடங்கியே கிடக்க வாய்ப்பு அதிகம். கூடுதலாக இருந்தால், அடங்கினாலும் திரும்பி வரப் பார்க்கும். ஆகவே தொடக்கத்திலேயே கடுமையான மருந்து கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து வரும் கடிதங்களில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'முதல் எண்ணிக்கை என்ன, மருந்துக்கு முன்பா பின்பா' என்ற வரி இருக்கும். பெரிய டொக்டர் அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டு, என்னிடம் காட்டிய பிறகுதான் கடிதத்தைக் கோப்பில் போடுவார். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அந்தப் போத்தலை வாங்கினேன்.

கொண்டுவந்தவர் மருதமுனையில் டிஸ்பென்சரி வைத்திருந்தவர். என்னோடு பள்ளியில் படித்தவர். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

"மச்சான், ஒரு பொம்புளைட ரத்தம். ஊட்ட போய் எடுத்த. காய்ச்சலும் அசதியும். ஒருக்கா எண்ணிப் பாத்துச் சொல்லன்."

"ஆளைக் கூட்டி வாவன்."

"வெளியில வராத பொம்புளை மச்சான். ஓ.பி.டி. வரிசையில நிண்டு சீரழியுமா? நீ இரிக்கிறாய் எண்டுதானே கொண்டு வந்த."

நான் இருக்கிறேன் என்பதுதான் அந்த ஊர்களில் எல்லாவற்றுக்கும் மருந்து. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்கவில்லை. போத்தலில் ஒட்டியிருந்த துண்டில் 'ஆசியா உம்மா, வயது 42' என்று மட்டும் இருந்தது. விலாசம் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது எண்ண முடியவில்லை. இடைவெளி இல்லாமல் வெள்ளணுக்கள். இன்னும் கரைசல் விட்டு ஐதாக்கி, திரும்ப எண்ணி, நம்பிக்கை வராமல் மூன்றாம் தரமும் எண்ணினேன். ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம். சாயமிட்டுப் பார்த்த கண்ணாடித்தகட்டில் முற்றாத பெரிய அணுக்கள், ஒன்றைப் போல மற்றது. அன்று பின்னேரமே டிஸ்பென்சரிக்குப் போய், இது இரத்தப் புற்றுநோய், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவா என்று சொன்னேன். அவர் முகம் கறுத்தது. "நான் பாத்துக்கிறன் மச்சான்" என்றார்.

என்னத்தைப் பார்த்தார்! ஆசியா உம்மா அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. டிஸ்பென்சரைக் கேட்டால், "சொல்லிட்டன், வாறாங்களாம்" என்றார். விலாசத்தைக் கேட்டால், ஊரில் இல்லை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார். பெரிய டொக்டரிடம் சொன்னேன். "ஆள் எங்க?" என்றார். தெரியாது என்றேன். "ஆள் ஆரெண்டு தெரியாமலே ரத்தத்தை எண்ணினீர்?" என்று கேட்டுவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். மருதமுனையில் ஆசியா உம்மா என்ற பெயரில் எத்தனை பேர்! தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் சுகமாக இருந்தார்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம், நாற்பத்திரண்டு வயதில் யாரோ ஒரு பெண் எந்த மூலையிலோ செத்துக்கொண்டிருக்கிறாள், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்குகிறேன் என்று நினைப்பு வரும்.

ஒன்பதாம் நாள் காலையில் ஒரு பிள்ளையை வார்டில் சேர்த்தார்கள். ஜெஸீமா, வயது பதினெட்டு. பல் முரசில் வடிந்த இரத்தம் இரண்டு நாளாக நிற்கவில்லை. முகம் மட்டும் உருண்டு திரண்டு இருந்தது. கையும் காலும் மெலிந்திருந்தன. நானே போய் இரத்தம் எடுத்தேன். நோய் அதேதான். வெள்ளணுக்கள் பத்தொன்பதாயிரம்.

பெரிய டொக்டருக்கு அன்று நல்ல மனது. "பத்தொன்பதாயிரம் எண்டா பரவாயில்லை ஐசே. வயசும் குறைவு. இந்தப் பிள்ளைக்கு வழி இருக்கு" என்றார். கொழும்புக்கு மாற்றும் கடிதத்தை அங்கேயே எழுதத் தொடங்கினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்புலன்ஸ். முதல் எண்ணிக்கை என்ற இடத்தில் பத்தொன்பதாயிரம் என்று எழுதியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிவைப் பதிய, நோயாளியின் விபரம் எழுதிய கட்டில் டிக்கெட்டை வாங்கினேன். பாதுகாவலர் என்ற இடத்தில் 'தாய், ஆசியா உம்மா' என்றிருந்தது.

கட்டிலடியைப் பார்த்தேன். நல்ல திடகாத்திரமான ஒரு பெண் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாதி மிஸியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "இந்தச் சோத்தக் குடுத்தா சுகமான ஆளுக்கும் வருத்தம் வரும் மிஸி. நான் ஊட்ட இருந்து ஆக்கிக் கொண்டு வாறன்."

கிட்டப் போய்க் கேட்டேன். "ராத்தா, உங்களுக்குப் போன கிழமை காய்ச்சல் ஏதும் வந்ததா?"

"எனக்கென்ன தம்பி? அல்லாஹ்ட காவல். இருவது வருஷமா நான் ஒரு குளிசை போட்டதில்ல."

லேப்புக்கு ஓடினேன். ஆசியா உம்மாவின் கண்ணாடித்தகட்டை நான் எறியவில்லை. எறிய மனம் வராமல் வைத்திருந்தேன். அதையும் பிள்ளையின் தகட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதே அணுக்கள். பிள்ளையின் தகட்டில் அவை ஐதாக இருந்தன; பாதி உடைந்தும் சுருங்கியும் கிடந்தன. யாரோ இடையில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த உருண்ட முகம் ஸ்டீரொயிட் குளிசையால் வந்தது என்பதும் அப்போதுதான் மண்டையில் ஏறியது.

பெரிய டொக்டரிடம் போனேன். அவர் கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உமக்கு அப்பிடித் தோன்றுது எண்டு நான் கடிதத்தில எழுத ஏலாது ஐசே. வேற பேர், வேற வயசு. தகட்டில ஒரே மாதிரி இருக்கு எண்டா? இந்த வருத்தக்காரர் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும். காலமை ஆறு மணிக்கு வண்டி. அதுக்கு முதல் நிரூபிச்சுக் காட்டும். இல்லாட்டி விட்டிடும்."

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆசியா உம்மா கொழும்புப் பயணத்துக்கு ஆயத்தம் செய்ய வீட்டுக்குப் போயிருந்தார். அசர் தொழுகை முடிந்த நேரம், ஆஸ்பத்திரிச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு டிக்கெட்டில் இருந்த விலாசத்துக்குப் போனேன். வளவுக்குள் பழைய வீடு. அதற்குப் பக்கத்தில், கூரை போடாமல் சுவர் மட்டும் எழும்பிய புது வீடு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் என்பதால், விசாரிக்காமலே விஷயம் விளங்கியது. தறியை விட்டு எழும்பி வந்த ஜெஸீமாவின் வாப்பா எனக்கு ஒரு கதிரை போட்டார். நான் இருக்கவில்லை.

"ராத்தா, ஒரு கேள்விதான். டிஸ்பென்சர் உங்கட பேரில அனுப்பின ரத்தம் ஆருட?"

"என்டதான்."

"வல்லாஹி?"

"ரத்தத்துக்கெல்லாம் சத்தியம் பண்ற வழக்கம் எங்களிட்ட இல்ல."

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒன்பது நாள் தூங்காத பொறுமை அது. "சரி. அப்ப நாளைக்குக் கொழும்புக்கு நீங்களும்தான் போகணும். அந்த ரத்தத்தில இரிக்கிறது ஒரு லட்சத்து நாப்பத்தாறாயிரம். உங்கட புள்ளைக்கு இரிக்கிறதை விட ஏழு மடங்கு. இவ்வளவு நேரம் நீங்க எழும்பி நிக்கிறதே பெரிய விஷயம். அம்புலன்ஸ்ல இடம் இரிக்கி, பெட்டியைக் கட்டுங்க."

வாப்பா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்! ஆசியா, உனக்குமா?"

அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. மகளுக்கு நோய் என்று கேட்டு ஒரு நாள்கூட முடியவில்லை. மனைவிக்கும் அதுவே என்று நான் கத்திச் சொல்லியிருக்கிறேன். கோபத்தில் சொல்லும் ஒரு சொல் யார் தலையில் விழும் என்று பார்க்கத் தெரியாத ஆள் லேப்பில் இருக்கக் கூடாது. அன்று நான் அப்படித்தான் இருந்தேன்.

"எனக்கொண்டும் இல்ல, எழும்புங்க!" என்று ஆசியா உம்மா புருஷன் மேல் பாய்ந்தார். "அது புள்ளட ரத்தம். நான்தான் என்ட பேரைக் குடுக்கச் சொன்ன." பிறகு என் பக்கம் திரும்பினார். "மூணு மாசத்தில நிக்காஹ் தம்பி. கொமருப் புள்ளட பேர் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில ஏறினா, மாப்பிள்ளை ஊட்டுக்குக் கதை போக எவ்வளவு நேரம்? உங்கட லேப்பில இரிக்கிற ஆக்கள் கதைக்காமலா இரிப்பாங்க?"

"லேப்பில நான் ஒருத்தன்தான் ராத்தா இரிக்கிறன்."

"அப்ப நீங்க கதைக்கமாட்டீங்களா?"

எனக்குப் போட்ட கதிரையை வாப்பாவின் பக்கம் தள்ளினேன்.

மிச்சத்தையும் சொன்னார். நோயின் பெயரை டிஸ்பென்சர் சொல்லவில்லை. இரத்தத்தில் கெடுதி என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கழுத்தில் கட்டிகள் இருந்ததால் வெள்ளைக் குளிசை கொடுத்திருக்கிறார். நாலு நாளில் கட்டி கரைந்து, காய்ச்சல் விட்டு, பிள்ளை பசிக்குது என்று கேட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். முகமும் பூரித்து வந்திருக்கிறது. சுகம் வந்துவிட்டது என்று இரண்டு ரக்அத் தொழுது நன்றி சொன்னாராம். பிறகுதான் முரசில் இரத்தம்.

ஒரே பிள்ளையின் இரத்தம் இரண்டு தரம் எண்ணப்பட்டிருக்கிறது, கொழும்பு டொக்டர் முதல் எண்ணைப் பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிப்பார் என்று விளக்கினேன். ஆசியா உம்மா கூர்மையான ஆள். உடனே பிடித்துக்கொண்டார்.

"எது நல்ல நம்பர் தம்பி?"

"குறைஞ்சது நல்லம். ஆனா..."

"குறைஞ்சது கிடைச்சிரிக்கிதானே. அதை ஏன் மாத்தப் போறீங்க?"

"மருந்து திண்ட பிறகு வந்த நம்பர் நோயிட நம்பர் இல்ல ராத்தா, குளிசைட நம்பர்!"

"அப்ப அந்தக் குளிசையையே குடுங்களன்."

நான் தலையில் கைவைத்தேன். அதையும் கொடுப்பார்கள், ஆனால் அது மட்டும் போதாது, அது நோயை ஒதுக்கி வைக்குமே தவிர ஒழிக்காது, பெரிய எண் இருந்தால் பெரிய மருந்து வேண்டும் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அதைத்தான் அவர் காத்திருந்தார்.

"பெரிய மருந்தில முடி போகுமாமே. புள்ளை பெறுறதுக்கும் ஏலாமப் போகுமாமே. வார்டில பக்கத்துக் கட்டில்காரி சொன்னா. அப்பிடி ஒரு புள்ளய ஆரு முடிப்பான்? சின்னதையே எழுதி விடுங்க மகன். ஒரு எழுத்துத்தானே. மிச்சத்தை அல்லாஹ் பாத்துக்குவான்."

தம்பி மகனாகிவிட்டான். கையெடுத்துக் கும்பிடாத குறை. பரீட்சையில் பிள்ளைக்குக் கூடக் கிடைத்த புள்ளியை வலியப் போய்த் திருத்தும் வாத்தியாரைப் போல நான் அந்த முற்றத்தில் நின்றேன். வாப்பா கூரையில்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்கள் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் சைக்கிளில் திரும்பும்போதுதான், அதில் பெரும் பங்கு என் மேல் வந்த கோபம் என்று தெரிந்தது. புறப்படுவதற்கு முன், ஒரு சொட்டு இரத்தம் எடுக்க ஆசியா உம்மாவின் விரலைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் நீட்டினார்.

லேப்பில் எண்ணினேன். ஏழாயிரத்துச் சொச்சம். குத்துக்கல்லுப் போன்ற ஆரோக்கியம். ஒன்பது நாளைக்கு முன் இரத்தப் புற்றுநோய் இருந்தவருக்கு இப்படி இருக்காது. ஆசியா உம்மா பெயரில் இருந்த இரண்டு முடிவுத் துண்டுகளையும் பெரிய டொக்டருக்கு முன்னால் வைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் போத்தலை வாங்கச் சொன்னது ஆர் உமக்கு? ஆளைக் கொண்டுவா எண்டு திருப்பி அனுப்பியிருந்தா, இந்தப் பிள்ளை எட்டு நாளைக்கு முதலே கொழும்பில. குளிசையும் இல்லை, இந்தக் கூத்தும் இல்லை. விளங்குதே?"

விளங்கியது. தாய் சின்ன எண்ணையே எழுதச் சொல்கிறார் என்றேன்.

"வருத்தம் தாய்க்கே? பிள்ளைக்கு வயசு பதினெட்டு. பிள்ளையைக் கேட்டீரோ?"

இல்லை. கேட்கவில்லை. டிஸ்பென்சர், தாய், தகப்பன், பெரிய டொக்டர், நான், இத்தனை பேரும் அவள் இரத்தத்தைப் பற்றி ஒன்பது நாளாகப் பேசியிருக்கிறோம். அவளிடம் ஒருவரும் பேசவில்லை. அவள் கையில் ஊசி குத்தும்போது, கையை மடக்கு என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன்.

வார்டுக்குப் போனபோது மக்ரிப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஜெஸீமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, துணியால் வாயை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"உம்மா சொல்லிட்டாவா சேர்?" என்று அவளே கேட்டாள். நான் கட்டிலடியில் உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியும். போத்தலில உம்மாட பேரை எழுதக்குள்ள நான் பாத்த. எனக்கென்ன வருத்தம் எண்டும் தெரியும். மிஸிமார் மெல்லமாக் கதைக்கிற எண்டு நினைச்சுக் கதைக்கிறாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு எண்களையும், எதற்கு என்ன மருந்து என்பதையும் சொன்னேன்.

"ரெண்டில எது என்ட?"

"ரெண்டும் உங்கடதான் தங்கச்சி. பெரியது உண்மையானது."

"பெரியது எண்டா நான் மௌத்தாகிடுவனா?"

"அப்பிடி இல்ல. பெரியது எண்டா கஷ்டம் கூட. அவ்வளவுதான் என்னால சொல்ல ஏலும்."

"முடி போகுமா?"

"போகும். திரும்ப வரும்."

"மாப்பிள்ளை?"

"அது எனக்குத் தெரியா."

அவள் சிரித்தாள். முரசெல்லாம் சிவப்பு. "எனக்கும் தெரியா. நான் ஒருக்காத்தான் அவரைக் கண்ட. ரெண்டு நம்பரையும் எழுதுங்க சேர். உம்மாட பேரில படுத்துக் கிடந்தது போதும். அங்க போய் நான் என்ட பேரிலயே இரிக்கணும்."

பெரிய டொக்டர் கடிதத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினார். இரண்டு எண்ணிக்கை, இரண்டு திகதி, இடையில் கொடுத்த குளிசையின் பெயர், முதல் இரத்தம் வேறு பெயரில் வந்த விபரம், எல்லாம் இருந்தது. என் கவனக்குறைவையும் ஒரு வரியில் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். மறுநாள் காலை அம்புலன்ஸ் புறப்படும்போது நான் வாசலில் நின்றேன். வாப்பா கையைத் தூக்கினார். ஆசியா உம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

டிஸ்பென்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் திருந்தினார் என்று நினைப்பீர்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு போத்தலோடு வந்தார்! "இது வேற ஆள் மச்சான், சும்மா காய்ச்சல்" என்றார். போத்தலை அவர் சட்டைப் பையில் திரும்பப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நிம்மதி.

கொழும்பில் கடுமையான மருந்துதான் கொடுத்தார்கள். முடி போனது. கலியாணமும் போனது, மாப்பிள்ளை வீட்டாருக்கு விஷயம் எப்படிப் போனதோ, நான் சொல்லவில்லை. ஆனால் ஆசியா உம்மா அதை நம்பியிருப்பார் என்று தோன்றவில்லை. நோய் அடங்கியது. ஜெஸீமா ஊருக்கு வந்து, வாப்பாவின் தறிகளில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். மாதா மாதம் இரத்தம் எண்ண லேப்புக்கு வருவாள். வரிசையில் நின்று, முறை வந்ததும், எல்லோருக்கும் கேட்கத் தன் பெயரைச் சொல்வாள். சுற்றி நிற்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அவளுக்கு அது ஒன்றுமில்லை. ஆறாயிரம், ஐயாயிரத்து ஐந்நூறு, ஆறாயிரத்து இருநூறு என்று நான் சொல்லும் எண்ணை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போவாள். கிட்டத்தட்ட மூன்று வருஷம் அப்படிப் போனது. அதன் பிறகு ஒரு மாதம், எண்ணிவிட்டு நான் திரும்ப எண்ண வேண்டியதாயிற்று. அன்று அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொப்பியைத் திறக்காமலே மூடிவிட்டாள். நோய் திரும்பியிருந்தது. இரண்டாம் முறை மருந்து வேலை செய்யவில்லை.

உங்களில் சிலர் நோயாளியின் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, இந்த ரிசல்ட்டுக்கு இத்தனை மாதம் என்று சொல்வதாகக் கேள்விப்படுகிறேன். யார் தந்த அதிகாரம் இது? ஓர் எண் என்பது, அந்த எண்ணோடு முன்பு வந்த கூட்டத்துக்கு என்ன நடந்தது என்று சொல்லும். எதிரில் நிற்கிற ஒருத்தி அந்தக் கூட்டத்தில் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. எண்ணைச் சரியாக எண்ணுவதும், யாருடையது, எப்போது எடுத்தது என்று சரியாக எழுதுவதும் உங்கள் வேலை. வாயை மூடிக்கொண்டு அதைச் செய்யுங்கள். நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் அப்படித்தான் இருந்தேன். எண்ணாத ஒன்றை நான் யாருக்கும் சொன்னதில்லை, ஒரே ஒரு தரம் தவிர.

ஜெஸீமா மௌத்தான மூன்றாம் நாள் வேலை முடிந்து மருதமுனைக்குப் போனேன். வாப்பா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஓதி முடித்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஆசியா உம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்து, எனக்கு எதிரில் நின்றார். அந்த மூன்று வருஷத்தில் அவர் என்னோடு ஒரு சொல் பேசியதில்லை. லேப்புக்கு மகளோடு வந்தாலும் வெளியில்தான் நிற்பார்.

"தம்பி, உங்களிட்ட ஒண்டு கேக்கணும்."

"கேளுங்க ராத்தா."

"அண்டைக்கு நான் சொன்ன மாதிரி அந்தச் சின்ன நம்பரையே எழுதியிருந்தா, அந்தப் பெரிய மருந்து ஒண்டும் இல்லாம, என்ட புள்ள இன்னும் கொஞ்ச நாள் இரிந்திரிப்பாளா?"

தெரியாது என்பதுதான் சரியான விடை. குறைவான மருந்தில் நோய் இன்னும் முந்தித் திரும்பியிருக்கும் என்றுதான் தோன்றியது. ஆனால் தோன்றுவதை எழுத ஏலாது. அந்த முதல் போத்தலை நான் திருப்பி அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரியாது. வாப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசியா உம்மா கேட்டது மருந்தைப் பற்றி அல்ல. அன்று என்னிடம் தான் கெஞ்சியது சரியா, பிழையா என்று கேட்டார். சின்ன எண்ணை எழுதியிருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாள் என்றால், நான் கொன்றவன். பெரிய எண்ணால்தான் அவள் மூன்று வருஷம் இருந்தாள் என்றால், அந்த மூன்று வருஷத்தையும் தடுக்கப் பார்த்த தாய் அவர். தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனால், இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு அவர் மிச்சக் காலத்தைக் கழிக்க வேண்டும்.

"இல்ல ராத்தா" என்றேன். "எந்த நம்பரை எழுதியிருந்தாலும் இவ்வளவு நாள்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "இரிங்க மகன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். நான் இருந்து குடித்தேன். அந்த விடையை இன்றுவரை நான் திருத்தவில்லை.